கடை போனுக்கு ‘அட்மின்’ யார்? சிறு நிறுவனங்கள் கேட்க மறந்த கேள்வி

கள்ளக்குறிச்சி மாவட்டம் தியாகதுருகம் மாதிரியான ஊர்களில் வியாபாரம் இன்னமும் போனில்தான் நடக்கிறது. நெல் என்ன விலை, மரவள்ளி லோடு எப்போது ஏற்றுவது, டாக்டர் எத்தனை மணிக்கு வருவார், பள்ளிக்கூட வேன் ஏன் வரவில்லை என்று எல்லாவற்றுக்கும் ஒரு போன்தான். அந்த அழைப்புகளை எடுப்பது முன்பு கல்லாப்பெட்டி பக்கத்தில் இருந்த ஒரே ஒரு லேண்ட்லைன். இப்போதோ “வரவேற்கிறோம்... விற்பனைப் பிரிவுக்கு 1-ஐ அழுத்தவும்” என்ற குரல் எடுக்கிறது. சிறிய ஆலை, தனியார் மருத்துவமனை, ஃபைனான்ஸ் அலுவலகம், பைக் ஷோரூம் என இந்த வசதி மாவட்டத் தலைநகரங்களைத் தாண்டிப் பேரூராட்சிகளுக்கும் வந்துகொண்டிருக்கிறது.

அந்தக் குரலுக்குப் பின்னால் ஒரு மென்பொருள் இருக்கிறது. அதற்கு ஒரு ‘அட்மின்’ பக்கம் இருக்கிறது. அந்தப் பக்கத்துக்கு ஒரு பாஸ்வேர்டு இருக்கிறது. அந்த பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது என்று முதலாளியைக் கேட்டால் பெரும்பாலும் வரும் பதில்: “போட்டுக் கொடுத்த தம்பிகிட்ட இருக்குங்க.” சிக்கல் தொடங்குவது இங்கேதான்.

இந்த மென்பொருள் என்ன செய்கிறது?

அலுவலகங்களில் ‘இன்டர்காம்’ என்று சொல்லப்பட்ட இபிஏபிஎக்ஸ் பெட்டியைப் பலரும் பார்த்திருப்பார்கள். சுவரில் மாட்டியிருக்கும்; வெளியிலிருந்து இரண்டு மூன்று லைன் உள்ளே வரும்; அறைக்கு ஒரு போன் என்று பத்து இருபது எக்ஸ்டென்ஷன் வெளியே போகும். எந்த அறைக்கு எந்த எண், யார் எஸ்டிடி பேசலாம், யார் பேசக் கூடாது என்பதை அந்தப் பெட்டியே தீர்மானிக்கும். அதை மாற்ற வேண்டுமானால் மெக்கானிக் நேரில் வந்து சில எண்களை அழுத்த வேண்டும்.

இன்று அந்தப் பெட்டியின் வேலையை ஒரு கம்ப்யூட்டர் நிரல் செய்கிறது. 1999-ல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மார்க் ஸ்பென்சர் என்ற இளைஞர், தன் சிறு நிறுவனத்துக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வாங்கக் கட்டுப்படியாகாமல் தானே எழுதிய மென்பொருள்தான் ‘ஆஸ்டரிஸ்க்’. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம் என்று அதைத் திறந்துவிட்டார். ஆனால் அதை இயக்கக் கட்டளைகள் தெரிந்திருக்க வேண்டும். அந்தச் சிரமத்தைப் போக்க, பிரவுசரில் கிளிக் செய்தே எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளும்படி அதன் மேல் கட்டப்பட்ட நிர்வாகப் பக்கம்தான் ‘ஃப்ரீபிபிஎக்ஸ்’. உலகம் முழுவதும் சிறு நிறுவனங்களின் போன்கள் இதில் ஓடுகின்றன. ‘3சிஎக்ஸ்’ போன்ற கட்டண மென்பொருள்களும் உண்டு. சொந்தமாக எதையும் வைத்துக்கொள்ளாமல் மாதக் கட்டணத்துக்கு கிளவுடில் தருகிற எக்ஸோடெல், ஓஸோன்டெல், சோஹோ வாய்ஸ் போன்ற இந்தியச் சேவைகளும் உண்டு.

பெயர் எதுவாக இருந்தாலும் அட்மின் பக்கத்தில் இருப்பவை ஏறக்குறைய ஒன்றுதான். எந்த ஊழியருக்கு எந்த எக்ஸ்டென்ஷன், வெளி அழைப்பு எந்த லைன் வழியாகப் போக வேண்டும், வெளிநாட்டுக்குப் பேச அனுமதி உண்டா, அழைத்தவருக்கு எந்தக் குரல் கேட்க வேண்டும், யார் யாரிடம் எத்தனை நிமிடம் பேசினார்கள், பேசியதன் ஒலிப்பதிவு எங்கே இருக்கிறது என்பவை எல்லாம் அந்த ஒரே பக்கத்தில் இருக்கும்.

அப்படியானால் என்ன மாறியது?

பூட்டு இருக்கும் இடம் மாறியிருக்கிறது. பழைய பெட்டியில் தவறு செய்ய ஒருவர் கடைக்குள் வர வேண்டும். புதிய மென்பொருளில், அட்மின் பக்கம் இணையத்துக்குத் திறந்திருந்தால், உலகின் எந்த மூலையிலிருந்தும் வரலாம்.

அந்தக் கதவைத் திறந்து வைப்பது பெரும்பாலும் ஹேக்கர் அல்ல. “சார், நான் வீட்ல இருந்தே கால் ரெக்கார்டிங் கேக்கணும்” என்று முதலாளி கேட்பார். “சின்ன மாத்தம்னா நான் கள்ளக்குறிச்சியில இருந்தே பண்ணிடுறேன், ஒவ்வொரு தடவையும் வண்டி எடுத்துட்டு வர முடியாது” என்று நிறுவியவர் சொல்வார். இரண்டுமே நியாயமான தேவைகள்தான். இதற்காக ரவுட்டரில் ஒரு வழி திறக்கப்படும். யார் வரலாம், யார் வரக் கூடாது என்ற கட்டுப்பாடு இல்லாமல் திறந்த வழி அப்படியே கிடக்கும். நிறுவியவர் வேறு வேலைக்குப் போனாலும், வேறு ஊருக்குப் போனாலும் அது மூடப்படாது.

இணையத்தில் திறந்திருக்கும் போன் மென்பொருள்களைத் தேடி இரவு பகலாகத் தானியங்கி நிரல்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்குத் தியாகதுருகமும் தெரியாது, டெல்லியும் தெரியாது. கதவு திறந்திருக்கிறதா என்று மட்டும் தட்டிப் பார்க்கும். எக்ஸ்டென்ஷன் 101-க்கு பாஸ்வேர்டும் 101 என்று வைத்திருந்தால் உள்ளே நுழையச் சில நொடி போதும்.

உள்ளே நுழைந்தவருக்கு என்ன லாபம்?

முதல் லாபம், பணம். சில நாடுகளில் ‘பிரீமியம்’ எண்கள் உண்டு. அந்த எண்ணுக்கு யார் பேசினாலும் நிமிடத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் ஏறும். அதில் ஒரு பங்கு எண்ணை வைத்திருப்பவருக்குப் போகும். திருடர் அப்படி ஓர் எண்ணை ஏற்பாடு செய்துகொண்டு, அடுத்தவர் போன் மென்பொருளுக்குள் நுழைந்து, அதிலிருந்து தன் எண்ணுக்குத் தானே அழைப்புகளைப் போடுவார். சனிக்கிழமை இரவு கடை பூட்டிய பிறகு தொடங்கினால் திங்கட்கிழமை காலை வரை கேட்க ஆள் இருக்காது. தீபாவளி, பொங்கல் விடுமுறை என்றால் இன்னும் வசதி.

ஒரு கணக்குக்காக, அழைப்புக் கட்டணம் நிமிடத்துக்கு 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரே நேரத்தில் 10 அழைப்புகள், 8 மணி நேரம் ஓடினால் 4,800 நிமிடம். பில் 4,80,000 ரூபாய். ஓர் இரவில் ஒரு சிறு கடையின் பல மாத லாபம் போய்விடும். அழைப்பு அந்தக் கடையின் லைனிலிருந்து போயிருப்பதால், பில்லும் கடையின் பெயருக்கே வரும்.

இரண்டாவது லாபம், அடையாளம். பத்து வருஷமாக ஊரில் புழங்கும் கடை எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் வாடிக்கையாளர் நம்பி எடுப்பார். அந்த நம்பிக்கையை வைத்துக் கடன் மோசடி, பார்சல் மோசடி என்று எதையும் நடத்தலாம். மூன்றாவது, தகவல். ஒரு மருத்துவமனையின் அழைப்புப் பதிவில் யாருக்கு என்ன நோய் என்பதுவரை இருக்கும். ஒரு ஃபைனான்ஸ் அலுவலகத்தின் பதிவில் யார் எவ்வளவு கடன் வாங்கி, எந்தத் தவணையைக் கட்டவில்லை என்பது இருக்கும். சின்ன ஊரில் இது வெளியே போனால் குடும்பத்தின் மானம் சந்திக்கு வந்துவிடும்.

இதெல்லாம் உண்மையில் நடக்கிறதா?

நடக்கிறது. 2025 ஆகஸ்ட்டில் ஃப்ரீபிபிஎக்ஸ் மென்பொருளில் ஒரு ஓட்டை வெளியே தெரிந்தது. சிவிஇ-2025-57819 என்ற எண் கொடுக்கப்பட்ட அந்த ஓட்டைக்கு, ஆபத்தை அளக்கும் அளவுகோலில் முழு மதிப்பெண்ணான 10 கிடைத்தது. பாஸ்வேர்டே இல்லாமல் அட்மின் பக்கத்துக்குள் நுழைந்து, அந்தக் கம்ப்யூட்டரில் நினைத்த கட்டளையை இயக்க அது வழிவிட்டது. 15, 16, 17 ஆகிய மூன்று பதிப்புகளும் பாதிக்கப்பட்டன. மென்பொருளைப் பராமரிக்கும் சங்கோமா நிறுவனம் எச்சரிப்பதற்கு முன்பே, ஆகஸ்ட் 21 வாக்கிலேயே தாக்குதல் தொடங்கிவிட்டிருந்தது. அடி விழுந்தது, அட்மின் பக்கத்தைக் கட்டுப்பாடில்லாமல் இணையத்துக்குத் திறந்து வைத்திருந்தவர்களுக்கு. அதே மென்பொருளை வைத்திருந்தும், அந்தப் பக்கத்துக்கு வெளியார் வர முடியாதபடி பூட்டியிருந்தவர்களுக்கு இந்த வழியாக ஆபத்து வரவில்லை.

இது முதல் முறையும் அல்ல. இதே குடும்பத்து மென்பொருளில் இருந்த இன்னொரு ஓட்டை வழியாக ஓராண்டில் ஏறக்குறைய 1,200 நிறுவனங்களின் போன் அமைப்புகள் குறிவைக்கப்பட்டதாக, செக் பாயிண்ட் என்ற பாதுகாப்பு நிறுவனம் 2020 நவம்பரில் சொன்னது. கைப்பற்றிய போன் இணைப்புகளைப் பயன்படுத்தி அழைப்புகளை விற்பதுதான் அந்தக் கூட்டத்தின் தொழில்.

2023 மார்ச்சில் நடந்தது வேறு ரகம். 3சிஎக்ஸ் நிறுவனத்தின் கம்ப்யூட்டர்களுக்குள்ளேயே ஊடுருவியவர்கள், அது தன் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் அசல் அப்டேட்டில் தீய நிரலைச் சேர்த்துவிட்டார்கள். உலகம் முழுக்க 6 லட்சம் நிறுவனங்கள் தங்கள் மென்பொருளைப் பயன்படுத்துவதாகச் சொல்லிக்கொண்ட நிறுவனம் அது. வட கொரியத் தொடர்புள்ள குழு இதன் பின்னால் இருந்ததாக ஆய்வாளர்கள் கூறினார்கள். அப்டேட் செய்வது அவசியம். ஆனால் ‘அப்டேட் பண்ணிட்டா போதும்’ என்று நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது என்பதை இது காட்டியது.

சட்டம் யாரைக் கேட்கும்?

முதலாளிகள் அதிகம் கவனிக்காத பகுதி இதுதான். தொலைபேசி இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ, அவரைத்தான் கேள்வி முதலில் தேடி வரும்.

விளம்பரத் தொல்லை அழைப்புகள் விஷயத்தில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 ஆகஸ்ட்டில் கையை இறுக்கியது. பதிவு செய்யாமல் மொத்த இணைப்புகளிலிருந்து விளம்பர அழைப்பு செய்பவர்களைத் துண்டிக்கும்படி நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. சில வாரங்களுக்குள் 50-க்கும் அதிகமான நிறுவனங்கள் கறுப்புப் பட்டியலுக்குப் போயின, 2.75 லட்சத்துக்கும் அதிகமான எண்களும் இணைப்புகளும் துண்டிக்கப்பட்டன.

2025 பிப்ரவரி 12-ல் வந்த திருத்தம் இன்னும் கடுமையானது. முன்பு ஏழு நாளில் பத்துப் புகார் வந்தால்தான் நடவடிக்கை. இப்போது பத்து நாளில் ஐந்து புகாரே போதும். முதல் மீறலுக்கு அந்த நிறுவனத்தின் எல்லா இணைப்புகளிலும் வெளி அழைப்பு 15 நாள் நிறுத்தம். மறுபடியும் நடந்தால் எல்லா நிறுவனங்களிலும் உள்ள இணைப்புகள் ஓராண்டுக்குத் துண்டிப்பு. விளம்பரத்துக்கு 140, சேவை மற்றும் பரிவர்த்தனை அழைப்புகளுக்கு 1600 என்று எண் வரிசைகளும் பிரிக்கப்பட்டுள்ளன.

இதைச் சிறு கடையின் இடத்திலிருந்து பார்க்க வேண்டும். யாரோ கடையின் மென்பொருளுக்குள் புகுந்து ஆயிரம் பேருக்குத் தொல்லை அழைப்பு போட்டால், புகார் கடையின் எண் மேல் விழும். ‘நாங்க பண்ணலைங்க’ என்று நிரூபிக்க வேண்டியதும் கடைக்காரர்தான். அதற்குத் தேவையான ஆதாரம் எந்த நேரத்தில், எந்த எக்ஸ்டென்ஷனிலிருந்து, எந்த வழியாக அழைப்பு போனது என்ற பதிவு. அதுவும் அட்மின் பக்கத்துக்குள்தான் இருக்கிறது. அட்மின் பாஸ்வேர்டு இல்லாதவரிடம் ஆதாரமும் இருக்காது.

இன்னொரு பொறியும் உண்டு. ‘உங்க லைன்ல ராத்திரி மட்டும் எங்க கால் ஓடட்டும், மாசம் இவ்வளவு தர்றோம்’ என்று ஆசை காட்டுபவர்கள். வெளிநாட்டு அழைப்பை இணையத்தில் கொண்டுவந்து, உள்ளூர் அழைப்பு போல மாற்றி இறக்கும் சட்டவிரோத எக்ஸ்சேஞ்ச் வேலை இது. ‘சிம் பாக்ஸ்’ வழக்குகளில் போலீஸ் பிடிப்பதும் இதன் ஒரு வடிவத்தைத்தான். 2023-ம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் 42-வது பிரிவில், அனுமதியின்றித் தொலைத்தொடர்புச் சேவையோ கட்டமைப்போ நடத்தினால் 3 ஆண்டு வரை சிறை, 2 கோடி ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்று சொல்லப்பட்டுள்ளது.

ஒலிப்பதிவுகளுக்கும் கணக்குச் சொல்லும் காலம் வருகிறது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் அமலுக்கு வர 18 மாத அவகாசம். வாடிக்கையாளரின் தகவலைப் பாதுகாக்கத் தவறினால் அபராதத்தின் உச்சவரம்பு 250 கோடி ரூபாய். அந்த உச்சவரம்பு பெரிய நிறுவனங்களை மனதில் வைத்தது என்றாலும், கடமை சிறியவர்களுக்கும் உண்டு.

கிளவுடுக்கு மாறிவிட்டால் தொல்லை விட்டதா?

பாதி விடும். சர்வரைப் பராமரிப்பது, ஓட்டை வந்தால் அடைப்பது, சந்தேக அழைப்பைக் கவனிப்பது ஆகியவை சேவை நிறுவனத்தின் வேலையாகிவிடும். கம்ப்யூட்டர் ஆள் கிடைக்காத ஊர்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் கிளவுடிலும் ஓர் அட்மின் பக்கம் உண்டு. அதன் பாஸ்வேர்டு நிறுவியவரின் சொந்த இமெயிலில், அவருடைய மொபைல் எண்ணுக்கு ஓடிபி வரும்படி இருந்தால் நிலைமை பழையபடிதான். அவரோடு தகராறு வந்தால், கடையின் எண்ணையே அவர் தன் பக்கம் திருப்பிக்கொள்ள முடியும்.

இணையம் நின்றால் போனும் நிற்கும் என்பது இன்னொரு விஷயம். நெடுஞ்சாலை ஓரம் ஃபைபர் இருக்கலாம். கல்வராயன் மலைக் கிராமங்கள் பலவற்றில் சிக்னலே இன்னும் ஒழுங்காக இல்லை. அங்கிருந்து கிழங்கு லோடு கேட்டுப் பேசுகிற விவசாயிக்கு ‘1-ஐ அழுத்தவும், 2-ஐ அழுத்தவும்’ என்று ஒரு நிமிடம் ஓட்டினால், ஆள் எடுப்பதற்குள் லைன் கட்டாகிவிடும். இணையம் இல்லாதபோது அழைப்பு ஒரு சாதாரண மொபைலுக்குத் திரும்பும்படியும், நேராக ஆளே எடுக்கும்படியும் அமைக்க முடியும். அதைச் செய்வதும் அட்மின் பக்கத்தில்தான்.

முதலாளி என்ன கேட்க வேண்டும்?

தொழில்நுட்பம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கடைச் சாவியை எப்படிக் கேட்டு வாங்குவோமோ, அதுபோல இவற்றைக் கேட்டு வாங்கினால் போதும்:

- அட்மின் கணக்கு கடையின் இமெயிலிலும் கடையின் மொபைல் எண்ணிலும் இருக்க வேண்டும். நிறுவியவருக்குத் தனிக் கணக்கு. வேலை முடிந்ததும் அதை நிறுத்திவிட வேண்டும்.
- தேவையில்லை என்றால் வெளிநாட்டு அழைப்பை மென்பொருளிலும் பூட்ட வேண்டும், லைன் தரும் நிறுவனத்திடம் எழுதிக் கொடுத்து அங்கேயும் பூட்ட வேண்டும். ஒரு பூட்டு உடைந்தாலும் மற்றொன்று காக்கும். பெரும் பில் இழப்பை இந்த ஒன்றே தடுத்துவிடும்.
- ஒரே நேரத்தில் எத்தனை வெளி அழைப்பு, மாதம் எவ்வளவு தொகை வரை என்று உச்சவரம்பு வைக்க வேண்டும்.
- அட்மின் பக்கம் கடையின் இணைப்பிலிருந்தோ விபிஎன் வழியாகவோ மட்டும்தான் திறக்க வேண்டும். வெளி ஊரிலிருந்து சாதாரண மொபைல் டேட்டாவில் திறந்து பார்த்தால் அது திறக்கவே கூடாது. இந்தச் சோதனையை யாரும் செய்யலாம்.
- ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனுக்கும் நீளமான, வெவ்வேறு பாஸ்வேர்டு வேண்டும். வேலையை விட்டுப் போனவரின் எக்ஸ்டென்ஷன் அன்றைக்கே நீக்கப்பட வேண்டும்.
- அப்டேட் போடுவது யார், எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பது வருடப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும்.
- அழைப்புப் பதிவும் அமைப்பின் பேக்கப்பும் மாதம் ஒருமுறை கடையின் கைக்கு வர வேண்டும். ஒலிப்பதிவை எத்தனை நாள் வைப்பது என்றும் முடிவு செய்ய வேண்டும். தேவையில்லாததை அழித்துவிட வேண்டும்.

இரவில் யாருமே பேசாத நேரத்தில் அழைப்பு போயிருந்தால், தெரியாத எக்ஸ்டென்ஷன் ஒன்று பட்டியலில் இருந்தால், பில் திடீரென்று ஏறினால், அவைதான் அறிகுறிகள். அப்போது செய்ய வேண்டிய முதல் வேலை, அந்த அமைப்பின் இணைய வயரைப் பிடுங்குவது. அடுத்து, லைன் தரும் நிறுவனத்துக்குப் போன் செய்து வெளி அழைப்பை நிறுத்தச் சொல்வது. பிறகு, அழைப்புப் பதிவை அழிக்காமல் எடுத்து வைத்துக்கொண்டு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்ய வேண்டும். கடையின் பெயரைச் சொல்லி மோசடி அழைப்பு வருவதாக வாடிக்கையாளர் சொன்னால், அதைத் தொலைத்தொடர்புத் துறையின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் உள்ள ‘சக்ஷு’ பகுதியில் பதியச் சொல்லலாம். “ரீஸ்டார்ட் பண்ணா சரியாயிடும்” என்று விடுவதும், பதற்றத்தில் எல்லாவற்றையும் அழித்து மறுபடி நிறுவுவதும் ஆதாரத்தைத் தொலைக்கும் வழிகள்.

நிறுவுபவர் மேல் மட்டும் பழியா?

அப்படிச் சொல்வது நியாயமாகாது. சிறு ஊர்களில் கேமரா, கம்ப்யூட்டர், இன்டர்நெட், போன் எல்லாவற்றையும் ஒரே இளைஞர்தான் போட்டுக் கொடுக்கிறார். நிறுவும்போது ஒரு தொகை கிடைக்கும். அதன் பிறகு அப்டேட்டுக்கும் சோதனைக்கும் யாரும் காசு தருவதில்லை. ‘ஓடுதுல்ல, விடு’ என்பதுதான் இரு தரப்பின் மனநிலையும். ஆண்டுப் பராமரிப்பை இலவச உதவியாக நினைக்கும்வரை கதவு திறந்தேதான் கிடக்கும். மின் ஒயரிங்குக்கு உரிமம் பெற்றவர் வேண்டும் என்று கேட்கும் ஊரில், ஆயிரக்கணக்கானவர்களின் பேச்சைப் பதிவு செய்யும் அமைப்பை நிறுவ எந்தத் தகுதியும் கேட்கப்படுவதில்லை. வணிகர் சங்கங்களும், லைன் விற்கும் நிறுவனங்களும், இணைப்பு கொடுக்கும் நாளிலேயே வெளிநாட்டு அழைப்புப் பூட்டையும் அட்மின் ஒப்படைப்பையும் ஒரு தாளில் கையெழுத்தாக வாங்கலாம். அதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை.

அதுவரை ஒவ்வொரு முதலாளியும் இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. நிறுவியவரைக் கூப்பிட்டு, “அட்மின் பாஸ்வேர்டை என் முன்னாடியே மாத்திக் கொடுங்க தம்பி” என்று கேட்பது. பத்து நிமிட வேலை.